571 பேரா, 580 பேரா?

வாசகர் கேள்வி:

பொதுச் சுகாதாரத்தில் பிஎச்.டி. செய்கிறேன். சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுக்க இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. நாகை மாவட்டத்தில் 14 ஊர்களில் வீடு வீடாகப் போய் 612 பெண்களிடம் கணக்கெடுப்பு எடுத்தேன். சாப்பாட்டில் எத்தனை வகை சேர்கிறது என்பதற்கும் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவுக்கும் உள்ள தொடர்பு பற்றிப் போன வருடம் கட்டுரை வந்தது. 'நியாயமான காரணத்தோடு கேட்பவர்களுக்குத் தரவு தரப்படும்' என்று அதன் கடைசியில் எழுதியிருந்தோம். இப்போது பிரேசிலில் இருந்து ஒரு மாணவர் தரவு கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறார். "பதில் போடாதே, இரண்டு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள்" என்கிறார் கைடு. எனக்கு மனசு கேட்காமல் ஃபைலைத் திறந்தேன். அப்போது ஆரம்பித்தது வேறு பயம். கட்டுரையின் மூன்றாம் அட்டவணையில் 571 பேர். நான் எக்செல் ஃபைலை ஆர் மென்பொருளில் ஓட்டினால் 580 வருகிறது. பி மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இந்த அளவுக்காவது ஒரு தொடர்பு தெரியும் வாய்ப்பு) அங்கே 0.03, இங்கே 0.07. அன்று எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் கணக்குப் போட்டுக் கொடுத்த சீனியர் இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டார். விரல் குத்த மறுத்தவர்களுக்குக் கட்டத்தைக் காலியாக விட்டோம், சாப்பாட்டுக் கேள்விக்குப் பதில் கிடைக்காத இடத்தில் 99 போட்டோம், இவ்வளவுதான் நினைவிருக்கிறது. கட்டுரையே பொய்யா? தரவைக் கொடுத்தால் என் பட்டம் போய்விடுமா? இதே தரவில் இன்னும் இரண்டு கட்டுரை எழுத வேண்டும். ராத்திரி தூக்கம் இல்லை.

பெயர் வெளியிட விரும்பாத ஆய்வு மாணவி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 9 பேரை முதலில் தேடிப் பிடிப்போம். பிரேசில் மாணவர், கைடு, பட்டம் எல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். உணவு வகை மதிப்பெண்ணுக்கு நீங்கள் பயன்படுத்தியது 10 உணவுக் குழுக்களைக் கொண்ட அளவுகோலாக இருக்கும். அதில் யாருக்கும் 10-க்கு மேல் வராது. பதில் கிடைக்காதவர்களுக்கு 99 போட்டிருக்கிறீர்கள். எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் '99 என்றால் பதில் இல்லை' என்று ஓர் இடத்தில் அறிவித்துவிட்டால் மென்பொருள் அந்த வரிசைகளைத் தானே ஒதுக்கிவிடும். உங்கள் சீனியர் அதைச் செய்திருப்பார். அதே ஃபைலை எக்செலாகச் சேமிக்கும்போது அந்த அறிவிப்பு கூட வராது. 99 வெறும் எண்ணாகத்தான் வரும். ஆர் அதைப் பார்த்து, ஒரு பெண் 99 வகை உணவு சாப்பிட்டாள் என்று நம்பிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். காலிக் கட்டம் அப்படி இல்லை. இரண்டு மென்பொருளும் அதை விட்டுவிடும். ஆர், எத்தனை வரிசை விடுபட்டது என்று முடிவின் அடியில் ஒரு சிறு வரியில் சொல்லும், நாம்தான் படிப்பதில்லை. விரல் குத்த மறுத்தவர்கள் 32 பேர், 99 வாங்கியவர்கள் 9 பேர் என்று வைத்துப் பாருங்கள். 612-இல் 32 போனால் 580. அதில் 9 போனால் 571.

இது என் ஊகம்தான். சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். மதிப்பெண் நெடுவரிசையில் மிகப் பெரிய எண் எது, 99 எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். குணகம், அதாவது உணவு வகை ஒன்று கூடினால் ஹீமோகுளோபின் எவ்வளவு மாறுகிறது என்ற எண், எவ்வளவு மாறியது என்று நீங்கள் எழுதவில்லை. பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கியிருந்தால் கிட்டத்தட்ட இதுதான் காரணம். எல்லோரும் 2-க்கும் 8-க்கும் இடையில் நிற்கும்போது ஒன்பது புள்ளிகள் 99-இல் போய் உட்கார்ந்தால் கோடு அவற்றின் பக்கம் படுத்துவிடும்.

ஊகம் சரி என்றால் கட்டுரை சரி, நீங்கள் இப்போது ஓட்டியதுதான் தவறு. உங்கள் தூக்கம் கெட்டது, 99 என்றால் என்ன என்று யாரும் ஒரு தாளில் எழுதி வைக்காததால். ஓர் ஆய்வை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த மாதிரி எழுதப்படாத முடிவுகள்தான். கள்ளக்கணக்கு போடுகிறவர்கள் உண்டு. ஆனால் என் மேசைக்கு வந்த குழப்பங்களில் அவர்கள் மிகச் சிலர்.

கட்டுரை தப்பித்தாலும் ஒரு குறை மிஞ்சும். 612 பேரைப் பார்த்தோம் என்று எழுதிவிட்டு அட்டவணையில் 571 என்று போட்டால், அந்த 41 பேர் யார், ஏன் விடுபட்டார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். விரல் குத்த மறுத்தவர்கள் மற்றவர்களைப் போன்றவர்கள்தானா? நடவு வேலைக்குப் போய்த் திரும்பிய களைப்பில் 'வேண்டாம்மா' என்றவர்களா? ஏற்கெனவே ரத்தம் குறைவு என்று பயந்தவர்களா? ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இதைப் பற்றிய ஆய்வில் விடுபட்டவர்கள் யார் என்பது பொடி எழுத்தில் தள்ளக்கூடிய விஷயம் அல்ல. உங்கள் தீசிஸில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

ஊகம் தவறாக இருந்தால்? எக்செலில் வடிகட்டி போட்டு மறைத்த வரிசைகள், ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தி மற்றவற்றை அப்படியே விட்டது, கர்ப்பிணிகளைச் சேர்த்தது அல்லது விட்டது, ஒரே படிவத்தை இரண்டு முறை ஏற்றியது என்று தேடிக்கொண்டு போங்கள். உண்மையான பிழை அகப்பட்டால் அதற்கும் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: 0.03 என்றால் உண்மை, 0.07 என்றால் பொய் என்று எந்தப் புள்ளியியலும் சொல்வதில்லை. குணகமும் அதன் நம்பக இடைவெளியும் (உண்மையான மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு) எவ்வளவு நகர்ந்தன என்பதைப் பாருங்கள். பி மதிப்பு வழக்கமான எல்லையான 0.05 கோட்டைத் தாண்டியதா என்பதை வைத்து ஓர் ஆய்வின் மானத்தை அளக்கக் கூடாது.

இனி பிரேசில் மாணவர். அவருக்குத் தரவு கொடுங்கள் என்பதே என் ஆலோசனை. ஏன் என்று சொல்ல, இன்னொரு மாணவரின் கதை வேண்டும்.

2010-இல் கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெயர்பெற்ற பொருளாதார அறிஞர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதம் ஆகிவிடுகிறது என்றது அது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடிய அரசியல்வாதிகள் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற முனைவர் பட்ட மாணவருக்கு, வெளிவந்த ஒரு கட்டுரையைத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்ப்பது வகுப்பு வீட்டுப்பாடம். இவர் இந்தக் கட்டுரையை எடுத்தார். பொதுவெளியில் கிடைத்த எண்களை வைத்து எவ்வளவு முயன்றும் அதே விடை வரவில்லை. ஆசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார். அவர்கள் எக்செல் ஃபைலை அனுப்பினார்கள்.

திறந்து பார்த்தால், சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து வரிசைகளுக்கு முன்பே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை. உலகம் முழுக்கச் செய்தியானது இந்தப் பகுதிதான். ஆனால் விடையை அதிகம் மாற்றியது அது அல்ல. கடன் அதிகமாக இருந்த 19 ஆண்டுகளுக்கு பிரிட்டன் சராசரியில் பெற்ற எடையும், ஒரே ஓர் ஆண்டுக்கு நியூசிலாந்து பெற்ற எடையும் சமமாக இருந்தன. நியூசிலாந்தின் 1946 முதல் 1949 வரையான ஆண்டுகள் சேர்க்கப்படவே இல்லை. ஹெர்ன்டனும் அவருடைய பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் ஆகியோரும் திருத்திப் போட்ட கணக்கில் மைனஸ் 0.1 என்பது 2.2 ஆனது. 2013 ஏப்ரலில் இது வெளிவந்தது. எக்செல் பிழையை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். எடை போட்ட முறை சரிதான் என்று வாதாடினார்கள்.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. எடை எப்படிப் போட்டார்கள், எந்த ஆண்டை விட்டார்கள் என்பதெல்லாம் அந்த ஃபைல் கைக்கு வந்த பிறகே முழுதாகத் தெரிந்தது. கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் தெரிந்திருக்காது. அதனால் கேட்டபோது ஃபைலைக் கொடுத்த அந்த இரண்டு பேர் மீது எனக்கு மரியாதை உண்டு. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்த எண் முழுதாகச் சோதிக்கப்படாமல் கொள்கைப் பேச்சில் புழங்கியதுதான் எனக்கு வலிக்கிறது.

உங்கள் கைடு சொல்வது நடைமுறையில் உண்மை என்பதையும் மறைக்க மாட்டேன். 'கேட்டால் தருவோம்' என்று எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு ஓர் ஆய்வுக் குழு எழுதிக் கேட்டது. 2022-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி தரவு கொடுத்தவர்கள் 122 பேர், அதாவது 6.8 சதவீதம். பதில் போடாமல் இருந்தால் நீங்களும் பெரும்பான்மையோடு சேர்ந்துவிடலாம், யாரும் உங்களைத் தேடி வர மாட்டார்கள். ஆனால் அந்த வாக்கியத்தின் கீழே உங்கள் பெயரும் இருக்கிறது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுத்தேன். எட்டு ஆண்டுக்குப் பிறகு வேறோர் ஊர் மருத்துவர், அதே சிகிச்சை பற்றிய எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்ப்பதற்காக எங்கள் தரவைக் கேட்டார். எனக்கும் கொடுக்க ஆசை. சி.டி. ஓடியது. ஃபைலும் திறந்தது. சிகிச்சைப் பிரிவு என்ற நெடுவரிசையில் 1, 2, 3 என்று இருந்தது. இரண்டே பிரிவுகள் கொண்ட ஆய்வு அது. 3 என்றால் என்ன? பாதியில் விலகியவர்களா, மருந்து மாற்றப்பட்டவர்களா? பதிவேற்றியவர் வெளிநாடு போய்விட்டார், படிவங்களைக் கழித்துக் கட்டிவிட்டார்கள். 200-க்கு மேற்பட்ட நோயாளிகள் கையெழுத்துப் போட்டு, ரத்தம் கொடுத்து, மாதா மாதம் பஸ் பிடித்து வந்து போன ஓர் ஆய்வு அந்த ஒரு 3-ஆல் எதற்கும் உதவாமல் போனது. 'தர இயலவில்லை, மன்னிக்கவும்' என்று எழுதியது இன்றும் உறுத்துகிறது. அந்த ஒரு வரிப் பதிலை எழுத எனக்கு ஒரு நாள் முழுக்க ஆனது.

இது எனக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. 2 முதல் 22 ஆண்டு வரை பழைய 516 கட்டுரைகளின் தரவைத் தேடிப் போனார்கள் கனடா நாட்டு உயிரியலாளர்கள். 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டுரைக்கு ஒவ்வொரு வயது கூடக்கூடத் தரவு உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 17 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே போனது. உங்கள் கட்டுரைக்கு வயது ஒன்று. சீனியருக்கு இன்னும் போன் போட்டால் எடுப்பார். இதுதான் சமயம்.

அதனால் செய்ய வேண்டியது இது. மூல எக்செல் ஃபைலை ஒரு நகல் எடுத்து, திருத்த முடியாதபடி பூட்டி, அதைத் தொடாதீர்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அதன் பெயர், கேட்ட கேள்வி, அலகு, 99-க்கும் காலிக் கட்டத்துக்கும் பொருள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். தமிழில் கேட்ட கேள்வியைத் தமிழிலேயே எழுதி, பக்கத்தில் மொழிபெயர்ப்பையும் போடுங்கள். பிறகு மூல ஃபைலில் தொடங்கி மூன்றாம் அட்டவணை வரைக்கும் ஒரே ஆர் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்). கையால் எக்செலில் ஒரு கட்டத்தைக்கூடத் திருத்தக் கூடாது. திருத்தம் எல்லாம் ஸ்கிரிப்டில் ஒரு வரியாக, ஏன் என்ற குறிப்போடு இருக்க வேண்டும். மென்பொருளின் பதிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள். முடிந்ததும் உங்கள் லேப்டாப்பில் ஓடுகிறது என்று திருப்திப்படாமல், பக்கத்து அறை ஸ்காலரின் கணினியில் அவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். அவர் எங்கே திணறுகிறாரோ அங்கே நீங்கள் எழுத மறந்த ஒரு முடிவு இருக்கிறது. அதை எழுதிச் சேருங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் கட்டுரை அல்ல, அந்த 612 பெண்கள். நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெயர் நீக்கி வெளியிட்ட மருத்துவப் பதிவுகளில் இருந்து, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவற்றை வாக்காளர் பட்டியலோடு பொருத்தி, அந்த மாநில ஆளுநரின் பதிவையே அடையாளம் கண்டு காட்டினார் லட்டான்யா ஸ்வீனி. அப்போது அவரும் மாணவிதான். உங்கள் ஃபைலில் ஊர், வயது, சாதி, தொழில், பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். பிரேசிலில் இருப்பவருக்கு அதில் யாரையும் தெரியாது. அந்த ஊர்க்காரர் ஒருவர் பார்த்தால், 'அங்கன்வாடி வேலை, வயது 43, பிள்ளை இல்லை' என்ற வரிசை யாருடையது என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அவருடைய ஹீமோகுளோபினும் கருக்கலைந்த விவரமும் பக்கத்திலேயே இருக்கும்.

வயதை ஐந்தாண்டுப் பிரிவுகளாக மாற்றுங்கள். சாதிப் பெயரை எடுத்துவிட்டு, கணக்குக்குத் தேவையென்றால் பெரும்பிரிவு மட்டும் வையுங்கள். தொழிலையும் அப்படியே. ஊர்ப் பெயருக்குப் பதில் குறியீடு கொடுங்கள், ஆனால் அகரவரிசைப்படி 1, 2, 3 என்று கொடுக்காதீர்கள்; குலுக்கிப் போடுங்கள். ஊர்க் குறியீடே இல்லாமல் விட்டால் ஒரே ஊர்ப் பெண்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதைக் கணக்கில் எடுக்க முடியாது, அதனால் அது வேண்டும். ஜி.பி.எஸ். எடுத்திருந்தால் நீக்கிவிடுங்கள். தேசிய குடும்பநல ஆய்வின் தரவைப் பாருங்கள்: கணக்கெடுத்த இடங்களை நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் வரை வேண்டுமென்றே நகர்த்தித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் முன்பு, அந்தப் பெண்களிடம் படித்துக் காட்டிய ஒப்புதல் படிவத்தை எடுத்துப் படியுங்கள். 'இந்த விவரம் எங்கள் குழுவைத் தவிர யாருக்கும் தரப்பட மாட்டாது' என்று அதில் இருந்தால், தனிநபர் வரிசைகளை அனுப்ப உங்களுக்கு உரிமை இல்லை, எத்தனை நெடுவரிசை நீக்கினாலும் சரி. அப்போது நெறிமுறைக் குழுவிடம் போய்க் கேளுங்கள். அவர்கள் முடிவு சொல்லும் வரை ஸ்கிரிப்டையும் தொகுப்பு அட்டவணைகளையும் மட்டும் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பதும் நேர்மையான பதில்தான்.

மற்ற இரண்டு கட்டுரைகள் பற்றிய பயத்துக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். வெளிவந்த கட்டுரையின் அட்டவணைகளுக்குத் தேவையான நெடுவரிசைகளை மட்டும் கொடுங்கள். மீதி உங்களுடையது. ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம் 2013-இல் இருந்து நடத்தும் ஸெனோடோ என்ற களஞ்சியத்தில் இலவசமாக ஏற்றலாம், குறிப்பிட்ட தேதி வரை பூட்டியும் வைக்கலாம். டி.ஓ.ஐ. என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும், பயன்படுத்துகிறவர்கள் உங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும். வெயிலில் 14 ஊர் நடந்தவர் நீங்கள் என்பதற்கு அது ஒரு பதிவு.

கைடை எப்படிச் சமாளிப்பது? அவரைத் தாண்டிப் போய் நீங்களே பதில் போடாதீர்கள். கட்டுரை பற்றிய கடிதங்களுக்குப் பதில் சொல்லும் தொடர்பு ஆசிரியராக அவர் பெயர்தானே இருக்கும். 'சார், வெளிநாட்டுக்காரர் கேட்கிறார்' என்று தொடங்கினால் மறுபடியும் 'விடு' என்பார். மூன்றாம் அட்டவணையை மூலத்தில் இருந்து திரும்ப எடுத்த ஸ்கிரிப்டையும், 41 பேர் விவரத்தையும் அச்செடுத்துக்கொண்டு போய், 'சார், வைவாவில் வெளித் தேர்வாளர் இதைக் கேட்டால் என்ன சொல்வது என்று தயார் செய்தேன்' என்று தொடங்குங்கள். இதில் பொய் எதுவும் இல்லை, நிச்சயம் கேட்பார்கள். அவர் அதைப் பார்த்து முடித்ததும் மெயில் பேச்சை எடுங்கள். பெரும்பாலான கைடுகள் மறுப்பது கெட்ட எண்ணத்தால் அல்ல. ஃபைலில் என்ன இருக்கிறது என்று தெரியாத பயத்தால். அந்தப் பயத்தைத்தான் நீங்கள் இந்தத் தாளில் தீர்த்துக் கொண்டுபோகிறீர்கள். ஒத்துக்கொள்ளும் வரை, 'கேட்டதற்கு நன்றி, விவரக் குறிப்புகளோடு தயார் செய்கிறோம், இன்ன தேதிக்குள் எழுதுகிறோம்' என்று மாணவருக்கு மூன்று வரி போட மட்டும் அனுமதி வாங்குங்கள்.

உண்மையான பிழை என்று தெரிந்தால் இதழுக்கு நீங்களும் கைடும் சேர்ந்து திருத்தக் குறிப்பு அனுப்ப வேண்டும். பட்டம் போகாது. திருத்தம் வெளியிடுவது வேறு, கட்டுரையைத் திரும்பப் பெறுவது வேறு. திரும்பப் பெறுவதும்கூட வாழ்க்கையின் முடிவு இல்லை. 2018-இல் வேதியியல் நோபல் பெற்ற ஃபிரான்சஸ் அர்னால்ட், அடுத்த ஆண்டு வந்த தம் நொதிக் கட்டுரையை 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றார். சோதனை திரும்பச் செய்தபோது வரவில்லை, ஆய்வக நோட்டில் முக்கியமான பதிவுகள் இல்லை. தாமே அதைப் பொதுவில் அறிவித்து மன்னிப்புக் கேட்டார். அவர் மீதான மதிப்பு எனக்குக் கூடியதே தவிரக் குறையவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. அந்த 612 காகிதப் படிவங்களும் இப்போது எங்கே இருக்கின்றன? துறை அறையில் பீரோ மேலே அட்டைப்பெட்டியில் என்றால், ஐப்பசி மழைக்கு முன் எடுத்து ஸ்கேன் செய்துவிடுங்கள். 99 போட்ட அந்த 9 படிவங்களை முதலில் எடுங்கள். சாப்பாட்டுக் கேள்வியின் ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் ஏதாவது எழுதியிருப்பீர்கள்.

அன்புடன்,
உயிர்ப் புள்ளியியல் ஆலோசகர்